வழிக்கு வண்டியா, வண்டிக்கு வழியா?

வலிமை உடையவன் தன் வலிமையை எம்மட்டும் செலுத்தலாம் என்பது பழமையான வினா. அரசனுடைய வலிமைக்கு எல்லை யாது, செல்வனுடைய வலிமைக்கு எல்லை யாது, படை உடையவனுடைய வலிமைக்கு எல்லை யாது என்று எந்நாட்டு அறிஞரும் ஆராய்ந்திருக்கின்றனர். ஆனால் இக்காலத்தில், மாதச் சம்பளம் வாங்கும் சாதாரண மனிதனுக்கும் முற்காலத்து மன்னர் கண்டிராத ஒரு வலிமை கைவந்திருக்கிறது. அஃது இயந்திரத்தின் வலிமை. வலக்காலால் ஒரு மிதியை அழுத்தினால் முந்நூறு குதிரைகளின் ஆற்றல் அவனுக்கு ஏவல் செய்கிறது. மேடென்றும் பள்ளமென்றும் பாராமல் அவனைத் தூக்கிச் செல்கிறது. அவ்வாற்றல் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய இடமெல்லாம் அவன் போவதற்கு உரிய இடம்தானா? முடியும் என்பதும் தகும் என்பதும் ஒரே பொருளுடைய சொற்களா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறோம்.

அறத்தைப் பற்றி ஆகாயத்தில் நின்று பேசுவதிற் பயனில்லை. ஆகையால் ஒரு பாதையையும் ஒரு வண்டியையும் எடுத்துக்கொள்வோம். பாதை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், மலை ஏரிகளின் ஓரமாகப் பாறைகளின் மேல் ஏறி இறங்கிச் செல்லும் ரூபிக்கன் பாதை. வண்டி, அந்நாட்டார் ‘முழு அளவு’ என்று அடைமொழி கொடுத்து வழங்கும் பெரிய பிக்கப் வண்டி. நம் நாட்டில் உதாரணம் கிடையாதா என்று வாசகர் கேட்கலாம். கிடைக்கும். ஆனால் தன் வீட்டு வழக்கிலே நடுநிலை நிற்றல் அரிது. அயலான் வழக்கிலோ நியாயம் எளிதிற் புலப்படும். அங்கே கண்ட நியாயத்தைப் பின்னர் நம் வீட்டுக்குக் கொண்டுவருவதில் தடையொன்றுமில்லை. நான் அம்மலையை நேரிற் கண்டவனல்லன். படித்தறிந்ததைக் கொண்டே எழுதுகிறேன். ஆனால் ஒரு சாலை எவ்விதம் பாழாகிறது என்பதைத் தோட்டத்துக் கிராணி என்ற முறையில் நாள்தோறும் கண்டுவருகிறேன்.

பாதையின் வரலாறு

சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. பண்டைக் காலத்தில் பனியாறுகள் அதன்மேல் ஊர்ந்து, பாறையைச் சுரண்டிப் பள்ளம் பறித்துச் சென்றன. அப்பள்ளங்களில் நீர் தேங்கிச் சிற்றேரிகள் பல உண்டாயின. இவற்றிற்குக் கிழக்கே, கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 6,225 அடி உயரத்தில், 1,645 அடி ஆழமுள்ள தாஹோ என்னும் பேரேரி இருக்கிறது. அது வாஷோ என்னும் பழங்குடி மக்களின் தாயகம். தாஹோ என்ற பெயரே அவர்கள் மொழியில் ஏரியைக் குறிக்கும் சொல்லின் திரிபேயாகும். வெள்ளையர் அங்கே கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே அம்மக்கள் அம்மலையை நடந்து கடந்தனர்.

மேற்கே லூன் ஏரியை விட்டு, ஸ்பைடர் ஏரி, பக் ஐலண்டு ஏரி, ரூபிக்கன் ஊற்று ஆகியவற்றின் வழியாகத் தாஹோவின் மேற்குக் கரையை நோக்கிச் செல்வதே ரூபிக்கன் பாதை. நல்ல சாலைப் பகுதியையும் சேர்த்து இதன் நீளம் 22 மைல் என்பர். அதிற் பாறைமேற் செல்லும் கடினமான பகுதி சுமார் 12 மைல். 1887-ஆம் ஆண்டில் எல் டொராடோ ஜில்லா நிர்வாகம் இதனைப் பொதுப் பாதை என்று பிரகடனம் செய்தது. அக்காலத்தில் ரூபிக்கன் ஊற்றருகே ஒரு விடுதி இருந்தது. குதிரை வண்டிகள் அங்கே ஜனங்களை ஏற்றிச் சென்றன. விடுதி மறைந்தது, போக்குவரத்துக் குறைந்தது, வழி மீண்டும் பாறையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜீப் வண்டிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1953-ஆம் ஆண்டு முதல் ஜார்ஜ்டவுன் என்னும் சிற்றூரிலிருந்து ஜீப் வண்டிக்காரர் கூட்டமாகப் புறப்பட்டு இப்பாதையைக் கடக்கும் வழக்கம் ஏற்பட்டது. இன்று பாறைமேல் வண்டி ஓட்டுவோர் இப்பாதையைத் தம் கலைக்கு உரைகல்லாகக் கருதுகின்றனர்.

ரூபிக்கன் என்ற பெயர் இத்தாலியிலுள்ள ஓர் ஆற்றின் பெயர். கி.மு. 49-ஆம் ஆண்டில் ஜூலியஸ் சீசர் தன் படையுடன் அவ்வாற்றைக் கடந்தான். கடந்த பின் அவன் திரும்ப முடியவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகையால் மீட்க முடியாத செயலைச் செய்தலை ‘ரூபிக்கனைக் கடத்தல்’ என்று மேனாட்டார் கூறுவர். பெயர் தற்செயலாகவே பொருத்தமாக அமைந்தது. இம்மலையிலும் மீட்க முடியாத செயல்கள் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

வண்டியும் வித்தையும்

பாதையை நாடி முதலில் வந்தது ஜீப். போர்க்காலத்து ஜீப்பின் அகலம் 5 அடி 2 அங்குலம். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையேயுள்ள நீளம் 6 அடி 8 அங்குலம். மொத்த நீளம் சுமார் 11 அடி. இக்காலத்து முழு அளவுப் பிக்கப்பை எடுத்துக்கொள்க. போர்டு கம்பெனியாரின் எப்-150 என்னும் வண்டி, கண்ணாடிகளை நீக்கியே ஏறக்குறைய 6 அடி 8 அங்குல அகலமுடையது. அஃதாவது, ஜீப்பின் சக்கரங்களுக்கிடையே உள்ள நீளம் எதுவோ, அதுவே இதன் அகலம். நான்கு கதவுகளுடன் கூடிய வகையில் இதன் இரு சக்கரங்களுக்கிடையே உள்ள நீளம் சுமார் 12 அடி. ஜீப் முழுவதையும் அவ்விடைவெளியில் நிறுத்திவிடலாம். எடையும் ஜீப்பைப் போல் இருமடங்கு இருக்கும்.

இத்தகைய பெருவண்டியைப் பாறைப் பாதையிற் செலுத்துதல் முரட்டுத்தனம் என்று எண்ணுவோர் அத்தொழிலை அறியாதோர். அது பொறுமையின் தொழில். ஓட்டுபவன் முதலிற் செய்வது டயரிலுள்ள காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிடுதல். காற்றிறங்கிய டயர் தட்டையாகிப் பாறையை உள்ளங்கைபோலப் பற்றுகிறது. அடுத்து, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லுமாறு செய்து, மிகத் தணிந்த கியரில் வைக்கிறான். அப்பொழுது வண்டி மனிதன் நடப்பதினும் மெதுவாக ஊர்கிறது. வேகம் இங்கே வீரமன்று; வேகமாகப் பாறையில் மோதினால் அச்சு முறியும், எண்ணெய்த் தொட்டி உடையும். 12 மைலைக் கடக்க முழுப் பகலும் போதாமற் போவதுண்டு.

இவ்வித்தையில் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. பெரிய வண்டியில் இருப்பவன் தன் சக்கரத்தைத் தான் காண முடியாது. உயர்ந்த முன்மூடி அவன் பார்வையை மறைக்கிறது. ஆகையால் ஒரு தோழன் இறங்கி முன்னே நின்று, கையால் இடமென்றும் வலமென்றும் நில்லென்றும் சைகை செய்ய, ஓட்டுபவன் அக்கைக்குக் கீழ்ப்படிகிறான். பலர் நின்று பல திசை காட்டினாலும் ஒருவன் சொல்லையே கேட்க வேண்டும் என்பது அவர்கள் விதி. முந்நூறு குதிரைகளின் அதிகாரி, வெறுங்கையுடன் தரையில் நிற்கும் ஒருவனுக்கு அடங்கி நடக்கிறான்! வண்டி எவ்வளவு பெரியதோ அவ்வளவு பிறர் கண் அவனுக்குத் தேவைப்படுகிறது. அதிகாரத்தில் உயர உயரத் தன் காலடியில் நசுங்குவதை மனிதன் காணாதவனாகிறான் என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உவமை வேறு வேண்டா.

ஒரு முழ விலகல்

இனி நமது வினா எழும் இடத்திற்கு வருவோம். பாதையில் இரு பாறைகள். அவற்றின் இடையே ஜீப் நுழையும், பிக்கப் நுழையாது. அல்லது நடுவே ஒரு கூன்பாறை. ஜீப் தன் குட்டை உடலோடு ஏறி இறங்கிவிடும். பிக்கப்பின் நீண்ட வயிறு அதன்மேல் அமர்ந்து, சக்கரங்கள் வீணே சுழலும். இப்பொழுது அதன் உரிமையாளனுக்கு நான்கு வழிகள் உள்ளன. கற்களை அடுக்கிப் படியாக்கி, தோழன் கைகாட்ட, அங்குலம் அங்குலமாகக் கடக்கலாம். கடந்தபின் அடுக்கிய கற்களைக் கலைத்துப் பழையபடி விடலாம். வண்டியின் பக்கம் நெளிந்தாலும் நெளியட்டும் என்று துணியலாம். வந்த வழியே திரும்பலாம். நான்காவது வழிதான் எல்லாவற்றிலும் எளிது. பாதையை விட்டு ஒரு முழம் விலகி, பாறையின் ஓரமாயுள்ள புல்லின் மேலும் சிறு செடியின் மேலும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

அந்த ஒரு முழத்தில் என்ன கெட்டுவிடும்? முதல் நாள் இரு கோடுகள் தோன்றும். அடுத்து வருபவன் அக்கோடுகளைக் கண்டு, இதுதான் வழி என்று எண்ணுவான். பத்தாவது வண்டி போனபின் அங்கே புல் இராது. மண் இறுகிப்போகும்; இறுகிய மண்ணில் மழைநீர் உட்புகாது; பள்ளத்தின் வழியே ஓடத் தொடங்கும். ஓடும் நீர் பள்ளத்தை ஆழமாக்கும். அதனால் சக்கரம் சிக்கும்போது, பின்வருபவன் இன்னும் ஒரு முழம் விலகுவான். இவ்விதம் ஒற்றைப் பாதை இரட்டையாகி, இரட்டை மூன்றாகி, ஒரு புல்வெளி முழுவதும் சேறாகிவிடுகிறது. வாய்க்காலான தடங்கள் ஈரப் புல்வெளியின் நிலத்தடி நீரையும் வடித்து இறக்கிவிடும். பின்னர் ஈரத்தில் வாழும் புல் அங்கே நில்லாது.

நம் தோட்டத்திலே இதனைக் காணாதவர் யார்? செம்மண் சாலையில் மழை விட்ட மறுநாளே ஒரு லாரி போனால், அதன் தடம் ஆறு மாதத்து வேலையைக் கெடுக்கும். சாலைக்குக் கொட்டிய கற்களின் கணக்கை எழுதும் எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் நம் நாட்டில் வெயிலும் மழையும் மாறி மாறி வந்து, கைவிட்ட நிலத்தை ஓராண்டிற்குள் காடாக்கிவிடும். சியரா மலையின் உச்சியில் அப்படியன்று. அங்கே ஆண்டிற் பாதிக்கு மேல் நிலம் பனியால் மூடிக் கிடக்கும். செடி வளரக் கிடைக்கும் காலம் சில மாதங்களே. பாறையின் மேல் மண் விரற்கடை அளவே இருக்கும். அங்கே இழந்த மண்ணை எந்த மழையும் ஒரு மனிதன் ஆயுளுக்குள் திருப்பித் தராது. இதே மாநிலத்தின் மொஹாவி என்னும் பாலை நிலத்தில், 1942 முதல் 1944 வரை போர்ப் பயிற்சிக்காக ஓட்டிய டாங்கி வண்டிகளின் தடங்கள் இன்றும் தெரிகின்றன. பாலை வேறு, மலை வேறு; எனினும் நலிந்த நிலம் சக்கரத்தை எளிதில் மறவாது என்பதற்கு அது சான்று. சீசர் ஆற்றைக் கடந்ததுபோல இதுவும் மீட்க முடியாத கடத்தலே.

மண்ணின் கதி அது. நீரின் கதியையும் கருதுக. தாஹோவின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி, அது எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று குறித்துவருகிறார்கள். 1968-ஆம் ஆண்டில் சராசரியாக 102 அடி வரை தட்டுத் தெரிந்தது. 2017-ஆம் ஆண்டில் 60 அடிக்கும் குறைவாகவே தெரிந்தது. இதற்கு மலைப்பாதை வண்டிகளே காரணம் என்று கூறினால் அது பொய். கரையோர ஊர்களிலிருந்தும் நகரச் சாலைகளிலிருந்தும் அடித்துவரும் நுண்துகளே பெருங்காரணம் என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஆனால் கண்ணுக்கே புலப்படாத மண்தூள் ஆயிரத்தறுநூறு அடி ஆழமுள்ள பேரேரியின் தெளிவையே குறைக்குமாயின், ஒரு சிற்றேரியின் ஓரத்தில் நாம் கிளப்பும் சேற்றை அற்பமென்று தள்ளுதல் எங்ஙனம்?

எதிர்வாதங்கள்

எதிர்க்கட்சியின் சொல்லையும் கேட்பதே நியாயம்.

முதலாவது வாதம்: “நான் ஒருவன் விலகிப் போவதால் மலை கரைந்துவிடாது.” உண்மை. ஒருவன் மட்டும் போனால் கரையாது. ஆனால் அவ்வாறு சொல்பவன் தனக்கு மட்டும் ஒரு விலக்கைக் கேட்கிறான் என்பதை உணர்வதில்லை. தான் கேட்கும் அனுமதியை எல்லோருக்கும் கொடுக்கச் சம்மதிப்பானா? சம்மதியான், ஏனெனில் எல்லோரும் அவ்விதம் செய்தால் அவன் காண வந்த ஏரியே இராது. பிறர் ஒழுங்காய் இருப்பதனால் உண்டாகும் நன்மையை நுகர்ந்துகொண்டு, தான் மட்டும் ஒழுங்கினின்று விலகுவதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வாதம்: “இது 1887 முதல் பொதுப் பாதை. என் வரிப்பணமும் இதில் இருக்கிறது. என்னைத் தடுக்க எவருக்கு உரிமை?” பாதை பொது என்பதில் ஐயமில்லை. ஆனால் பொது என்பதன் பொருள் யாது? எனக்கும் உரியது என்பதா, எனக்கே உரியது என்பதா? பொதுப் பாதையிற் செல்லும் உரிமை எல்லோர்க்கும் உண்டு. பொதுப் பாதையைத் தன் வண்டியின் அகலத்திற்கு மாற்றியமைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. பாதை பொதுவாயின், பாதையின் ஓரத்திலுள்ள புல்லும் பொதுவே; அப்புல் முளைப்பதைக் காண வேண்டிய பிறவாத குழந்தைகளும் அப்பொதுவிற் பங்காளிகளே. அந்நாட்டுச் சட்டமும் இதனை ஒருவாறு ஒப்புக்கொள்கிறது. 1972-இல் ஜனாதிபதி நிக்சன் பிறப்பித்த ஆணை, பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் செல்லத்தக்க வழிகளை வரையறுக்க வேண்டும் என்றும், மண்ணுக்கும் நீர்நிலைக்கும் செடிக்கும் விலங்குக்கும் ஏற்படும் தீங்கைக் குறைக்க வேண்டும் என்றும் விதித்தது. 2005-இல் வனத்துறை, தன் காடுகளில் குறிக்கப்பட்ட வழிகளிலும் இடங்களிலும் மட்டுமே மோட்டார் வண்டி செல்லலாம் என்ற முறையை ஏற்படுத்தியது. வழி திறந்திருக்கிறது, வரம்பும் இருக்கிறது.

மூன்றாவது வாதம் இவை எல்லாவற்றினும் வலியது. “மலை ஏரி வலுத்த காலுடையவனுக்கு மட்டுந்தானா? நடக்க இயலாத முதியவரும், ஊனமுற்றவரும், கைக்குழந்தை உடைய தாயும் அதைக் காண வேண்டாமா? வண்டியை வெறுப்போர் பெரும்பாலும் நல்ல உடலும் நீண்ட விடுமுறையும் பெற்றவர்களல்லரோ?” இவ்வாதத்தை நான் மதிக்கிறேன். உழைத்து உழைத்து முழங்கால் தேய்ந்த மனிதரை நாள்தோறும் காண்பவன் அதை மதியாதிருக்க முடியாது. மலையின் அழகை நடக்க வல்லவர்களின் தனிச்சொத்தாக்குவதும் ஒருவகை ஆதிக்கமே. 1964-இல் இயற்றப்பட்ட வனாந்தரச் சட்டம் சில பெருங்காடுகளில் மோட்டார் வண்டியை அறவே விலக்கியது. ஆயினும் 1990-இல் இயற்றப்பட்ட ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், அவ்விடங்களிலும் சக்கர நாற்காலிக்குத் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. ஆகவே, சில இடங்களைக் காலுக்கு மட்டும் விட்டுவைத்து, ரூபிக்கன் போன்ற சில பாதைகளை வண்டிக்கும் திறந்து வைத்தல் நீதியே என்பது என் துணிபு.

ஆனால் இவ்வாதத்தைத் தொடர்ந்து சென்றால் அது யாருக்கு எதிராக நிற்கிறது என்று பாருங்கள். 2004-ஆம் ஆண்டில் ஸ்பைடர் ஏரியின் கரையில் மனிதக் கழிவு மலிந்து, ஜில்லாவின் சுகாதார அதிகாரி அக்கரைப் பகுதியை மூட நேர்ந்தது. 2009-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் நீர்த்தரக் காப்பு வாரியம், பாதையிலிருந்து மண்ணும் எண்ணெயும் கழிவும் நீரிற் சேர்வதைத் தடுக்குமாறு ஜில்லா நிர்வாகத்திற்கும் வனத்துறைக்கும் கட்டளையிட்டது. பாதை முழுவதும் மூடப்படுமோ என்ற அச்சம் எழுந்தது. மூடப்பட்டிருந்தால் இழந்திருப்பவர் யார்? வலுத்த காலுடையவன் நடந்தாவது போவான். தகாத செயல் புரிந்தவன் வேறு மலைக்குப் போவான். மகனுடைய வண்டியின் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து ஏரியைக் காண நினைத்த முதியவரே வழியற்று நிற்பார். முதியவரின் பெயரைச் சொல்லிப் பாதையைத் திறக்கச் செய்பவர்கள், பாதையின் ஒழுங்கைக் குலைக்கும்போது அம்முதியவரின் கதவையே சாத்துகிறார்கள்.

நான்காவது வாதம்: “வெள்ளம் வந்தால் ஒரு நாளில் நூறு வண்டிகளின் கேட்டைச் செய்கிறதே, இயற்கையே இயற்கையை அழிக்கும்போது எம்மை மட்டும் குற்றஞ் சாட்டுவானேன்?” வெள்ளத்திற்கு வேறு வழி இல்லை. நமக்கு உண்டு. வழி இருந்தும் கேட்டைத் தேர்ந்தவனே குற்றவாளி. புலி மானைக் கொல்வதைக் காட்டிக் கொலைகாரன் விடுதலை பெறுவதில்லை.

பாறையை உடைத்தலும் உருட்டுதலும்

இப்பாதையில் லிட்டில் ஸ்லூஸ் என்று ஓரிடம் உண்டு. பெரும்பாறைகள் நிறைந்த குறுகிய பள்ளம் அது. அதனைக் கடத்தலே பெரும் சாதனை என்று எண்ணியவர் பலர்; கடக்க முடியாதவர்களோ அதனைச் சுற்றிப் புதுத்தடங்கள் உண்டாக்கினர். 2010-ஐ அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஜில்லா நிர்வாகத்தார் அங்கிருந்த பெரும்பாறைகள் சிலவற்றை உடைத்து வழியை எளிதாக்கினர். தம் கலைக்குரிய இடம் அழிந்தது என்று ஓட்டுநர்கள் பலர் மனம் வருந்தினர்.

அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு பாறை எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் அங்கே கிடந்தது. ஆனால் அதை உடைத்தது யார்? சம்மட்டி ஏந்திய கூலியாளா? அன்று. பாறைக்குத் தக்கவாறு தன்னைச் சுருக்கிக்கொள்ளவும் மாட்டாமல், திரும்பவும் மாட்டாமல், ஓரத்தால் ஒதுங்கிச் சென்ற ஒவ்வொருவனும் அச்சம்மட்டியைத் தூக்கியவனே. தனி மனிதன் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளாத இடத்தில் சர்க்கார் வந்து அடக்குகிறது. சர்க்காரின் கை தொழிலறிந்த கையன்று. அது முரட்டுக் கை. சுய அடக்கம் போன இடத்தில் சுதந்திரமும் போகிறது என்பதற்கு உடைந்த அப்பாறைகளே சாட்சி.

இதற்கு மாறான ஒரு காட்சியையும் கூறாவிடில் நடுநிலை பிறழ்ந்தவனாவேன். பாதை மூடப்படும் என்ற அச்சம் தோன்றியபோது, அதே வண்டிக்காரர்களிற் பலர் சங்கமாகச் சேர்ந்தனர். 2001-இல் தோன்றிய ‘ரூபிக்கன் நண்பர்கள்’ என்ற கூட்டத்தார் கூலியில்லாமல் வந்து கல் சுமந்தனர், குப்பை பொறுக்கினர், நீர் வழிந்தோட வடிகால் அமைத்தனர், விலகிச் சென்ற தடங்களை மறித்தனர். கழிவைப் பையிற் கட்டித் தாமே திரும்பச் சுமந்துவருதலும், சிந்திய எண்ணெயைத் துடைத்தெடுக்கும் பொருள்களை வண்டியில் வைத்திருத்தலும் அங்கே நன்மக்களின் வழக்கமாயிற்று. மண் நீரால் நெகிழ்ந்திருக்கும் காலத்தில் பாதையை மூடிவைக்கும் ஏற்பாட்டையும் ஜில்லா நிர்வாகம் செய்தது. நம் தோட்டத்தில் மழைநாளில் லாரியை நிறுத்திவைக்கும் அதே அறிவுதான் அது. இன்றளவும் அப்பாதை திறந்திருக்கிறது. ஏரியைக் காதலிப்பதாக நாவினாற் சொன்னவர்களைவிட, முதுகிற் கல் சுமந்தவர்களே அதை நமக்கு மீட்டுத் தந்தனர்.

திரும்புதலும் துணிவே

அப்படியாயின் முழு அளவுப் பிக்கப் அப்பாதைக்குப் போகவே கூடாதா? அப்படி நான் கூறவில்லை. பெரியது என்பதற்காக எதுவும் குற்றமுடையதாகாது. அப்பெரிய வண்டியே பலருக்கு வாரம் ஆறு நாள் பாரம் சுமக்கும் வண்டி. ஏழாம் நாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதற்கென்று இன்னொரு வண்டி வாங்கும் செல்வம் எல்லோர்க்கும் உண்டா? ஆனால் பெரியதற்குப் பொறுப்பும் பெரிது. குறுகிய வண்டிக்காரன் ஒரு மடங்கு பொறுமை காட்டினால், அகன்ற வண்டிக்காரன் இரு மடங்கு காட்ட வேண்டும். தன் வண்டியின் பக்கங்கள் கீறுபடுவதற்கு மனம் துணிந்தவன் போகட்டும். தோழன் கைக்கு அடங்குபவன் போகட்டும். கல்லை அடுக்கிக் கடந்து, மீண்டும் கலைத்துவைக்கும் பொறுமை உடையவன் போகட்டும். தன் வண்டி கீறுபடலாகாது, ஆனால் மலை கீறுபடலாம் என்று எண்ணுபவன் வீட்டில் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் வழி விடவில்லையெனில் திரும்புவதே முறை. இங்கேதான் மனித உள்ளத்தின் உண்மையான இடுக்கு இருக்கிறது. முன்னேறுதல் ஒன்றே வீரம், திரும்புதல் அவமானம் என்று நமக்குச் சிறுவயது முதல் கற்பித்து வைத்திருக்கிறார்கள். பின்னால் தோழர் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கையில், வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவதற்கு வேண்டிய துணிவு, பாறைமேல் ஏற்றுவதற்கு வேண்டிய துணிவைவிடச் சிறியதன்று. முன்னேற்றுவது இயந்திரம், திருப்புவது மனிதன். இயந்திரத்தின் வலிமை எவ்வளவு என்பது விலைச்சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. மனிதனின் வலிமையோ அவன் நிறுத்துமிடத்திற்றான் தெரியும்.

ஆகவே, நாம் தொடக்கத்திற் கேட்ட வினாவிற்கு விடை இது: முடியும் என்பது இயந்திரத்தைப் பற்றிய செய்தி, தகும் என்பது நம்மைப் பற்றிய செய்தி. முன்னதைப் பின்னதாக மயங்குபவன், ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்திருந்தும் வண்டியால் ஓட்டப்படுகிறவனே.

இனி, முன்னே கூறியபடி, இந்நியாயத்தை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். நம்மிற் பலருக்குப் பிக்கப் இல்லாமலிருக்கலாம். ரூபிக்கன் மலையை நாம் என்றும் காணாமலிருக்கலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் அகலம் உண்டு. ஒருவனுக்குப் பணம், ஒருவனுக்குப் பதவி, ஒருவனுக்குக் கல்வி, ஒருவனுக்குக் குரல். சங்கக் கூட்டத்தில் உரத்த குரலுடையவன் தன் குரலின் அகலத்திற்குக் கூட்டத்தையே விரித்துவிடுகிறான். மெல்லப் பேசுபவன் ஓரத்துப் புல்லாய் நசுங்குகிறான். பொதுக் குழாயடியில், தோட்டத்து மண்டபத்தில், அடுக்குமாடி நடைவழியில், ஒரு முழம் விலகினால் என்ன என்று நினைப்பவர் நாமும் அல்லவா? விலகிய தடம் நம்மோடு நிற்பதில்லை. பின்வருபவன் அதையே வழியென்று எண்ணி வருகிறான். நம் பிள்ளைகளும் அதன் வழியே வருகிறார்கள்.

பாதை பல தலைமுறைகளுக்குரியது, வண்டி பத்தாண்டுக்குரியது. சில காலம் இருப்பது நெடுங்காலம் இருப்பதற்கு இணங்கி நடத்தலே அறிவு. தோழர்களே, நமக்குக் கிடைத்த வலிமை எதுவாயினும் ஆகுக. அதனை வழிக்குத் தக்க வண்டியாக்குவோம். நம் வண்டிக்குத் தக்கபடி உலகத்தின் வழிகளையெல்லாம் உடைக்கப் புகாதிருப்போம்.